க்ரோனிங்கனில் இயற்பியல்: குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்க எவ்வளவு ஆகும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது? மார்க், பாடம், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் நாகர்கோவில்காரர்கள். நர்ஸ் வேலைக்காக 2011-ல் நான் அயர்லாந்துக்கு வந்தேன். அடுத்த வருடம் கணவரும் மகளும் வந்தார்கள். நாட்டின் நடுவில், ஆஃபலி கவுண்டியில் டல்லமோர் என்ற ஊரில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள். 2024 செப்டம்பரில் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இளங்கலை படிக்கச் சேர்ந்தாள். அங்கே போய்ச் சேரும்வரை நாங்கள் விசாரித்ததையும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் ஐரோப்பியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் பாதியாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் ஒன்றியத்தின் எந்த நாட்டுக்குப் படிக்கப் போனாலும், அந்த நாட்டு மாணவர் கட்டும் அதே கட்டணம்தான். அயர்லாந்தில் ஐந்து வருடம் சட்டப்படி வசித்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு விண்ணப்பத்துக்கு 175 யூரோ, சான்றிதழுக்கு 950 யூரோ. பெற்றோரில் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கும் விண்ணப்பிக்கலாம். அதன் சான்றிதழுக்கு 200 யூரோ. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் எங்கள் வீட்டில் நானும் மகளும் மாறினோம், கணவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார். இந்திய பாஸ்போர்ட்டை விட மனம் வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பிள்ளைக்காவது பதினெட்டுக்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

'எங்களுக்கு ஸ்டாம்ப் 4 இருக்கிறதே' என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டாம்ப் 4 என்ற குடியிருப்பு அனுமதி அயர்லாந்துக்குள் மட்டும்தான் செல்லும். நீண்டகாலக் குடியிருப்பாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் அயர்லாந்து சேரவில்லை. அதனால் இங்கேயே வளர்ந்து, இங்கேயே லீவிங் சர்ட் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிய பிள்ளையானாலும், கையில் இந்திய பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் நெதர்லாந்தில் வெளியார் கட்டணம்தான். அறிவியல் படிப்புக்கு அது வருடத்துக்குப் பதினைந்தாயிரம் யூரோவைத் தாண்டும். எங்கள் மகள் முதல் வருடம் கட்டியது 2,530 யூரோ. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு சான்றிதழில் இருக்கிறது.

அடுத்து எந்த நாடு என்ற கேள்வி. பட்டியலை எடுத்ததும் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து எல்லாமே 'கட்டணம் இல்லை' என்று வரும். உண்மைதான். ஆனால் எந்த மொழியில் என்று பார்த்தால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். ஜெர்மனியில் முதுகலை ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. இளங்கலை பெரும்பாலும் ஜெர்மனில்தான், அதற்கு சி1 என்ற உயர்நிலை மொழித்தேர்ச்சி கேட்பார்கள். விதிவிலக்காக லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இளங்கலையே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஹைசன்பர்க் பேராசிரியராக இருந்த இடம். அது எங்கள் பட்டியலில் கடைசிவரை இருந்தது. ஹெல்சிங்கியில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எல்லாம் சேர்ந்த அறிவியல் இளங்கலை ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

பிரான்ஸை நம்மவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு 2024-25-ல் வருடக் கட்டணம் 175 யூரோ, அதோடு மாணவர் வாழ்வு நிதி என்று 103 யூரோ. அவ்வளவுதான். வாடகைக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. இங்கே பள்ளியில் ஐந்தாறு வருடம் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் ஏராளம். சி1-க்கு ஒரு படி கீழான பி2 சான்றிதழ் வாங்கும் அளவுக்கு உழைத்தால் பாரிஸ்-சாக்லே போன்ற இடங்களின் கதவு திறக்கும். உலகத்திலேயே கணிதமும் இயற்பியலும் சிறந்து நிற்கும் இடங்களில் ஒன்று அது. என் மகள் பள்ளியில் எடுத்தது ஜெர்மன். பிள்ளை இப்போது பதினைந்து வயதில் இருந்தால், பள்ளியில் எந்த மொழி எடுக்கிறாள் என்பது பின்னால் பல்லாயிரம் யூரோ சம்பந்தப்பட்ட முடிவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும் பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் உள்நாட்டுக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் அதுவே 2024-25-ல் 9,250 பவுண்டு. வட அயர்லாந்தில் ஏறக்குறைய அதில் பாதி, 4,750 பவுண்டு. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் இரண்டு மணிக்கூர்ப் பயணம். குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கலாம், மொழிச் சிக்கல் இல்லை, வாடகையும் டப்ளினைவிடக் குறைவு. தெற்கே அயர்லாந்துக் குடியரசில் இருப்பவர்கள் இதை யோசிக்காமலேயே தாண்டிப் போகிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் ஈ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இளங்கலை ஜெர்மனில்தான். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை 2025 இலையுதிர் பருவத்திலிருந்து மூன்று மடங்காக்கிவிட்டார்கள், பருவத்துக்கு 2,190 பிராங்க். அது இன்னும் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சல்லிக்காசுதான். சூரிச் வாடகைதான் ஆளை விழுங்கும்.

இனி ஏன் க்ரோனிங்கன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிர் என்ற சின்ன ஊர். அங்குள்ள கோட்டைத் தோட்டத்தில் மூன்றாம் ராஸ் பிரபு 1845-ல் கட்டிய தொலைநோக்கி நிற்கிறது. கண்ணாடியின் குறுக்களவு 72 அங்குலம். 1917 வரை உலகத்திலேயே பெரியது அதுதான். சில விண்மீன் மண்டலங்கள் சுருள் வடிவத்தில் இருக்கின்றன என்பதை முதலில் கண்டது அதன் வழியாகத்தான். அதே தோட்டத்தில் 2017-ல் லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கியின் அயர்லாந்து நிலையத்தைத் திறந்தார்கள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. லோஃபாரின் மையம் நெதர்லாந்தில் எக்ஸ்லோ என்ற கிராமத்தருகே இருக்கிறது. ஐரோப்பா முழுக்கப் பரவிய நிலையங்களின் தரவு கண்ணாடி இழை வழியே க்ரோனிங்கனுக்குப் போய்ச் சேர்கிறது.

"பிர்ல இருந்து சிக்னல் போற இடத்துக்கே நானும் போறேன் அம்மா" என்றாள்.

"போலாம் மக்களே, அங்க ரூம் கிடைக்குமான்னு பாத்துட்டுச் சொல்லு" என்றேன்.

ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தரவரிசைப் பட்டியலை நாங்கள் ஒதுக்கிவைத்தோம். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் புகழ் முதல் வருட மாணவியின் வகுப்புக்கு வந்து சேர வெகுகாலம் ஆகும். அதற்குப் பதில் ஒவ்வோர் இடத்திலும் முதல் வருடத்துப் பாடத்திட்டத்தை மட்டும் எடுத்து அருகருகே வைத்துப் படித்தோம். இது இணையத்தில் யாருக்கும் திறந்தே இருக்கிறது. அயர்லாந்தில் பல இடங்களில் அறிவியலுக்குப் பொதுவாகச் சேர்ந்து, முதல் வருடம் வேதியியல், உயிரியல் எல்லாம் தொட்டுவிட்டு, பிறகு பிரிவு எடுக்கலாம். க்ரோனிங்கனில் முதல் நாளிலிருந்தே விசையியலும் சார்பியலும், நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், ஆய்வகம், நிரலெழுதுதல். வானியலில் தனிப் பட்டமே உண்டு, அதுவும் ஆங்கிலத்தில்.

இதில் எது மேல் என்பது பிள்ளையைப் பொறுத்தது. அறிவியல் பிடிக்கும், ஆனால் எந்த அறிவியல் என்று இன்னும் தெரியாத பிள்ளையை நெதர்லாந்தின் இயற்பியலிலோ ஜெர்மனியின் இயற்பியலிலோ போடாதீர்கள். பாடம் மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அயர்லாந்தே நல்லது, அல்லது ஹெல்சிங்கி, அல்லது மாணவரே பாடங்களைக் கூட்டிக்கொள்ளும் மாஸ்ட்ரிக்ட் அறிவியல் படிப்பு.

மிக முக்கியமானது என்று நான் நினைப்பது இதைத்தான். நாம் இந்தியாவில் வளர்ந்தவர்கள். நுழைவுத் தேர்வைத் தாண்டிவிட்டால் கரை சேர்ந்ததாக நினைத்துப் பழகியவர்கள். அயர்லாந்தும் அப்படித்தான்: லீவிங் சர்ட்டில் 625-க்கு எத்தனை புள்ளி என்பதில்தான் எல்லாம் முடிவாகிறது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சல்லடையைப் பெரும்பாலும் வாசலில் வைப்பதில்லை, உள்ளே வைத்திருக்கிறார்கள். கணிதமும் இயற்பியலும் லீவிங் சர்ட்டின் உயர்நிலையான ஹையர் லெவலில் தேவையான தரத்தோடு முடித்திருந்தால் க்ரோனிங்கனில் இடம் கிடைத்துவிடும். ஆனால் முதல் வருடத்தின் 60 கிரெடிட்டில் 45 எடுக்காவிட்டால் அந்தப் படிப்பைத் தொடர விடமாட்டார்கள். ஜெர்மனியில் ஒரு கட்டாயத் தேர்வைப் பெரும்பாலும் மூன்று முறைதான் எழுதலாம். கடைசி முறையும் தோற்றால் அதே பாடத்தை அந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. ஈ.டி.ஹெச்.சில் முதல் வருட அடிப்படைத் தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு.

இலவசம், மலிவு என்ற சொற்களை இந்த விதிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு வருடம் வீணானால் போவது கட்டணம் மட்டுமில்லை, ஒரு வருடத்து வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூட. அதைவிட, பதினெட்டு வயதில் தனி ஊரில் தோற்றுப்போன பிள்ளையின் மனம் இருக்கிறது.

அதனால் லீவிங் சர்ட் முடிந்த ஜூனிலிருந்து புறப்படும்வரை மகள் கணிதம் படித்தாள். இங்கே பள்ளிக் கணிதத்தில் அணிகளையும் வெக்டர்களையும் பல வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். நெதர்லாந்துப் பிள்ளைகளும் ஜெர்மன் பிள்ளைகளும் நுண்கணிதத்தில் இன்னும் தேர்ச்சியாக வருவார்கள். எம்.ஐ.டி.யின் இலவசப் பாட வீடியோக்களில் நேரியல் இயற்கணிதத்தின் தொடக்கப் பகுதிகளை முடித்திருந்தாள். முதல் காலாண்டில் அவளைக் காப்பாற்றியது அதுதான் என்று அவளே சொல்கிறாள். வருடத்தை நான்கு காலாண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் தேர்வு வைக்கிறார்கள். கொஞ்சம் பழகிக்கொண்டு பிறகு படிக்கலாம் என்றால் அதற்குள் முதல் தேர்வு வந்துவிடும்.

சரிப்படாது என்று தோன்றினால் பிப்ரவரிக்கு முன்பே விலகிவிடலாம். அப்போது 45 கிரெடிட் எடுக்காததற்கான அந்தத் தடை விழாது, மீதி மாதங்களுக்கான கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை உண்மையைச் சொல்லும்.

பணக் கணக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். முதல் வருடம் அறைக்கு, மின்சாரம் எல்லாம் சேர்த்து, மாதம் 550 யூரோ. சாப்பாடு, போன், சைக்கிள், மற்றவை மாதம் 350. கட்டணத்தோடு கூட்டினால் பதின்மூவாயிரத்துச் சொச்சம், விமான டிக்கெட் தனி. டப்ளினில் மாணவர் விடுதி பல இடங்களில் மாதம் ஆயிரத்தைத் தாண்டும். அந்த வருடம் அயர்லாந்தில் 'மாணவர் பங்களிப்பு' என்ற கல்லூரிக் கட்டணம் சலுகையோடு 2,000 யூரோதான் என்றாலும், மொத்தத்தில் நெதர்லாந்தைவிடக் குறைய வராது. ஆனால் வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்தால் இதில் பாதிகூட ஆகாது. டல்லமோரிலிருந்து டப்ளின் ஒரு மணிக்கூர்தான். வெறும் பணத்தை மட்டும் பார்த்தால் அதுதான் சரியான முடிவு. நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது அந்தப் பாடத்திட்டத்துக்கும், அவள் வானியலில் வைத்திருந்த ஆசைக்கும். அந்த ஆசை இல்லாத பிள்ளைக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒரு செய்தி: அயர்லாந்து அரசின் சூசி உதவித்தொகையில் வாழ்க்கைச் செலவுக்கான பகுதியை மற்ற ஒன்றிய நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கும் வாங்கலாம்.

கட்டணத்தைவிட எங்களைப் படாதபாடு படுத்தியது அறை. நெதர்லாந்தில் வீட்டுத் தட்டுப்பாடு மிகக் கடுமை. அறை கிடைக்காவிட்டால் வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களை எச்சரித்த வருடங்கள் உண்டு. விளம்பரங்களில் 'டச்சுக்காரர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருப்பார்கள். பகிர்ந்து வாழும் வீடுகளில் ஏற்கனவே குடியிருப்பவர்களே வந்தவர்களோடு பேசிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். மார்ச் மாதமே தேடத் தொடங்குங்கள். அறையை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். எங்களிடம் ஒருவர், தான் வேறு நாட்டில் இருப்பதாகவும் பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதினார். அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இன்னொரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த முகவரியில் நகராட்சியில் பதிவு செய்ய முடியுமா? முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாமல் குடிமக்கள் எண்ணை வாங்குவது சிக்கல். அந்த எண் இல்லாமல் வேலை, காப்பீடு, அரசு உதவி எதுவும் நகராது.

நேரமும் ஒரு சிக்கல். லீவிங் சர்ட் முடிவு ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. அங்கே புது மாணவர்களுக்கான அறிமுக வாரம் அதற்கு முன்பே முடிந்துவிடும், செப்டம்பர் தொடக்கத்தில் வகுப்பு. அதாவது இடம் உறுதியாவதற்கு முன்பே அறைக்குப் பணம் கட்டியாக வேண்டும். முடிவு வந்த அன்றே சான்றைப் பதிவேற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தோம். பிப்ரவரி 1-க்குள் அயர்லாந்தின் மைய விண்ணப்பத்தையும் போட்டுவைத்திருந்தோம். அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் இங்கே ஒன்று கையில் இருக்கட்டும் என்று. நெதர்லாந்து விண்ணப்பத்துக்கு மே 1 கடைசி நாள். ஆனால் இடங்களுக்கு வரம்பு வைத்த படிப்புகளுக்கு, டெல்ஃப்ட்டின் விண்வெளிப் பொறியியல் போன்றவற்றுக்கு, ஜனவரி 15-லேயே முடிந்துவிடும்.

விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையே இல்லை. ஸ்டடிலிங்க் என்ற தேசியத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். எங்களிடம் ஒரு ஆலோசகர் பெரிய தொகை கேட்டார். அவர் காட்டிய இடங்கள் எல்லாம் நெதர்லாந்தில் 'பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகம்' என்று அழைக்கப்படுபவை. அவை தொழில் கற்றுக்கொள்ள மிக நல்லவை. ஆனால் அவற்றில் நான்கு வருடப் பட்டம் வாங்கியவர், ஆராய்ச்சிப் பல்கலைக்கழக முதுகலைக்குப் போகப் பெரும்பாலும் இடையில் இன்னொரு தகுதிப் படிப்பு படிக்க வேண்டும். விஞ்ஞானியாக நினைக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாதத்துக்குக் குறிப்பிட்ட மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும் ஒன்றியக் குடிமக்களுக்கு நெதர்லாந்து தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையையே கொடுக்கிறது. 2023-லிருந்து அதில் அடிப்படை உதவித்தொகையும் மறுபடி வந்திருக்கிறது, பட்டம் முடித்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். வேலை செய்யாதவர்களும் கட்டணத்துக்கு மட்டும் அரசுக் கடன் வாங்கலாம். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து ஐரோப்பிய மருத்துவ அட்டை போதாது, டச்சு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதற்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கு மானியம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். மகள் முதல் வருடம் வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 45 கிரெடிட் கையில் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். இரண்டாம் வருடம்தான் வார இறுதியில் ஒரு பேக்கரியில் சேர்ந்தாள்.

முதல் வருடத்தை 55 கிரெடிட்டோடு முடித்தாள். விட்டுப்போன ஒரு பாடத்தை இரண்டாம் வருடம் மறுபடி எழுதித் தேறினாள். இளங்கலை மூன்று வருடம், அயர்லாந்தில் இதற்குப் பெரும்பாலும் நான்கு. ஆனால் அங்கே முதுகலை இரண்டு வருடம் என்பதால் கடைசியில் கணக்கு ஒன்றுதான். முதுகலைக்கும் ஒன்றியக் குடிமக்களுக்கு அதே குறைந்த கட்டணம் உண்டு, ஒரே ஒரு முதுகலைக்கு மட்டும். இரண்டாவது முதுகலை படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் பல்கலைக்கழகம் வைக்கும் முழுக் கட்டணம்தான். அதனால் வானியலா, கருவியியலா, வேறு நாட்டிலா என்பதை அவள் மூன்றாம் வருடத்தின் நடுவிலேயே முடிவு செய்ய வேண்டும். இப்போது அதற்கான பாடத்திட்டங்களைத்தான் அருகருகே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம். லைப்சிக் மறுபடியும் பட்டியலில் வந்திருக்கிறது.